அத்திமர வளைவு

பள்ளத்தாக்கு ஆட்களுக்கு மேட்டுக் குளிர் ஆகாது. பிக்கப் வண்டியின் பின்தட்டில் நின்றபடியே ஐந்து மணி நேரம் மலையேறி வந்த ஒன்பது பேரும், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது கை இடுக்கில் கையைச் செருகிக்கொண்டு, மழையில் நனைந்த ஆட்டுக்கிடை மாதிரி ஒண்டி நின்றார்கள். கீழே கெரியோ ஆற்றோரத்தில் சோளத்தட்டை நின்ற நிலையிலேயே கருகும் வெயில். இங்கே மத்தியானம் இரண்டு மணிக்கே பேசினால் வாயில் புகை வந்தது.

கோபிலோ படியில் நின்றபடியே தலைகளை எண்ணினாள். ஒன்பது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கக் கேட்டது ஆறு பேர். பதினொரு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

முதலில் ஓடி வந்தவன் கிமோசோப், அவள் கணவன் யானோவின் தம்பி.

"பாத்தீங்களா அண்ணி, ஒருத்தன் பாக்கியில்லாம கூட்டியாந்துட்டேன். சேசெரெக் பெரியப்பாவே வந்திருக்காரு."

"அறுப்பு நேரத்துல எப்பிடிடா வந்தாங்க?"

"கொம்பு ஊதிட்டேன்."

"எந்தக் கொம்பு?"

"உடைப்புக் கொம்புதான். வேற எதுக்கு இவனுங்க அசைவானுங்க?"

கொம்புச் சத்தம் கேட்டால் மலைச்சரிவில் வாய்க்கால் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு ஒரு ஆண் கையில் இருக்கிற கவளத்தைக்கூடப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வராதவன் வீட்டில் ஒரு ஆடு குறையும்.

"ஓடி வந்து எங்கடா உடைப்புன்னாங்க. எங்கண்ணன் நெஞ்சுலன்னேன். பெரியப்பா கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தாரு. உடைப்புன்னா உடைப்புதான், வண்டியப் புடின்னுட்டாரு."

கோபிலோ சிரித்தாள். சிரிப்பைப் பாதியிலேயே நிறுத்தினாள். வாய்க்கால் வேலை என்று கூப்பிட்டிருக்கிறான். அப்படியானால் வாய்க்கால் முறையும் கூடவே வண்டியேறி வந்திருக்கும்.

"ஏ மதினி," என்று குரல் கொடுத்தான் கிசாங். யானோவோடு ஒரே வருஷத்தில் ஆண்பிள்ளையாகும் சடங்கு முடித்தவன். அந்த உரிமையில் அவளை எதுவும் பேசுவான். "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி களி போடுவாங்களா, எடுத்தப்புறம் போடுவாங்களா? முன்னாடின்னா நான் ரெண்டு தடவ குடுக்கறேன்."

"உங்க ரத்தத்த ஏத்துனா அவருக்கு வாய் நீண்டுறாதா?"

"நல்லதுதானே. இருபது வருசமா உம் புருசன் ஒரு பேச்ச மூச்சு விடாம முடிச்சு நான் கேட்டதில்ல."

யானோவை ஊரில் 'உட்கார்ந்தவன்' என்றுதான் சொல்வார்கள். மேட்டு ஊர்களில் பிறந்த பையன்கள் ஓடி ஓடி உலகமெல்லாம் பதக்கம் வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற சீமை இது. அதே மலையின் அடிவாரத்தில் பிறந்து, நூறு அடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிற ஆண்பிள்ளைக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள். சோம்பேறி என்றார்கள். பெண்வீட்டுச் சாபம் என்றார்கள். கீழே மருந்துக்கடையில் காசநோய் என்று எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள்; சிறுநீர் சிவந்துபோனதுதான் மிச்சம். நாற்பத்தொரு வயதில், காலும் வயிறும் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்த பிறகுதான் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள் கோபிலோ. இங்கே ஸ்கேன் குகைக்குள் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, இது பிறவியிலேயே வந்த கோளாறு என்றார்கள்.

மூன்று நாளைக்கு முன் டாக்டர் நசிமியு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கட்டையான உருவம், ஆண்பிள்ளை மாதிரி அகலமான மணிக்கட்டு, காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ். காலியான மாத்திரைப் பெட்டி ஒன்றைப் பிரித்து உள்பக்கத்தில் படம் போட்டார்.

"இருதயத்துல வலது பக்கம் ஒரு வீடு, இடது பக்கம் ஒரு வீடு. நடுவுல சுவரு. ஒடம்புல இருந்து வர்ற அழுக்கு ரத்தம் வலது வீட்டுக்கு வந்து, நுரையீரலுக்குப் போயி காத்து வாங்கிக்கிட்டு, இடது வீட்டுக்கு வரணும். அங்கருந்துதான் ஒடம்புக்குப் பாயும். உங்களுக்கு என்ன ஆச்சுன்னா, வலது நுரையீரல்ல இருந்து வர்ற ரெண்டு குழாய் இடது வீட்டுக்கு வரல. தலையில இருந்து எறங்குதே பெரிய குழாய், அதுல போய்ச் சேந்துருச்சு."

யானோ படத்தையே பார்த்தான். மூச்சை இழுத்துக்கொண்டு, "அப்ப பாய வேண்டிய தண்ணி… திரும்பத் தலைமடைக்கே போகுது," என்றான்.

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. சுத்திச் சுத்தி அங்கயே போகுது."

"கடைமடைக்குப் பத்தாது."

"பத்தல. வலது வீடு ஊதிப்போயி மூணு மடங்கா கெடக்கு. அது போக, சுவரோட உச்சியில ஒரு ஓட்டை."

"அத அடைச்சிருவீங்க."

"அடைக்க மாட்டேன்," என்றார் டாக்டர். "அடைச்சா அந்த ரெண்டு குழாயும் தப்பான பக்கமே நின்னுபோகும். அந்த ஓட்டையத்தான் நான் மடையாக்கப் போறேன். இங்கருந்து இங்க வரைக்கும் உள்ளுக்குள்ளயே ஒரு கரை. அந்தக் கரையோரமா ரெண்டு குழாய்த் தண்ணியும் ஓட்டை வழியாப் போயி இடது வீட்டுல விழுந்துரும்."

யானோவின் முகத்தில் கோபிலோ வெகுநாளாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. சாய்ந்திருந்தவன் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கரை எதால?"

"இருதயத்தச் சுத்திப் பை ஒண்ணு இருக்கு. அதுலயே ஒரு துண்டு வெட்டி எடுத்து."

யானோ மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கரை மண்தான் அந்தக் கரையில் பிடிக்கும். வேறு மண் கொண்டுவந்தால் வெடித்துவிடும். அது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"தலையில இருந்து வர்ற தண்ணி? அதோட பாதையத்தான் இதுக்குக் குடுத்துட்டீங்களே."

"அத மேலயே வெட்டிருவேன். வலது வீட்டுக்குக் காது மடல் மாதிரி ஒரு தொங்கல் இருக்கு. அதுல கொண்டுபோயித் தைச்சு விட்டுருவேன். பழைய வாய்க்குத் தையல் போட்டு மூடிருவேன்."

"வேலை நடக்கையில தண்ணிய நிறுத்தணுமே."

"நிறுத்துவேன். இருதயம் ஒண்ணரை மணி நேரம் சும்மா கெடக்கும். அதுவரைக்கும் ஒரு மெஷின் சுத்தி விடும்."

"பக்கக்கால் வெட்டித் தண்ணியத் திருப்புற மாதிரி," என்றான் யானோ.

"அதேதான்."

அப்புறம் டாக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்குக் கணக்கில் இன்னும் சரிசெய்யலாம். இந்தத் தேதி தவறினால் அடுத்தது நாலு மாதம் கழித்து. அதற்குள் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், தைத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆறு பேர் ரத்தம் கொடுத்தால் வியாழக்கிழமை காலை ஏழு மணி.

டாக்டர் போன பிறகு யானோ நெடுநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவளுக்கு வாய்க்கால் தெரியும்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியப்பா வந்தா, டாக்டரு பொம்பளைன்னு சொல்லிராத," என்றான்.

சேசெரெக்தான் மடைத்தலைவர். அறுபத்தெட்டு வயது. எந்த வீட்டுக்கு எந்த வேளையில் தண்ணீர், யார் பங்குக் கரையில் எத்தனை முழம் பழுது என்று எல்லாம் அவர் வாயில் இருந்துதான் வரும். அந்த வாயில் இருந்து வந்த பழைய சட்டங்களில் ஒன்று, பெண்பிள்ளை கால் வாய்க்கால் கரையில் படக்கூடாது. வயலுக்கு வந்து விழுகிற தண்ணீரை அவள் திருப்பலாம், குடிக்கலாம், சுமக்கலாம். மலைச்சரிவில் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிற அந்தப் பெரிய வாய்க்காலை அவள் தொட்டால் கரை நிற்காது.

ரத்தம் எடுக்கும் அறையில் ஒன்பது பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நர்ஸ் ஒவ்வொருவர் விரலிலும் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் கதவோரம் வந்து எட்டிப் பார்க்க, கிசாங் எழுந்து, மடியில் வைத்திருந்த தேன் குடுக்கையை இரண்டு கையாலும் நீட்டினான்.

"டாக்டரய்யா, எங்க மலைத் தேன். எங்காளு நெஞ்ச நல்லாத் தைச்சுக் குடுங்க."

"நான் தைக்கிறவன் இல்லீங்க. மெஷின் ஓட்டுறவன்," என்றார் அவர். ஆனால் குடுக்கையை வாங்கிக்கொண்டார். "தைக்கிறவங்க இதோ வர்றாங்க."

டாக்டர் நசிமியு ரப்பர் பூட்ஸ் சத்தமிட உள்ளே வந்து, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க ஐயா. நாளைக்கு நான்தான் நெஞ்சத் தொறக்கறேன். உங்க ரத்தம் பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம்."

அவர் போகும்வரை சேசெரெக் அந்த ரப்பர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். போன பிறகு, "பேரு என்னன்னாங்க?" என்று கேட்டார்.

"நசிமியு," என்றாள் நர்ஸ். "மேற்குப் பக்கத்து ஆளு. கோடையில பொறந்த பொண்ணுக்கு அங்க அப்பிடிப் பேரு வைப்பாங்க."

"கோடையில பொறந்தவ," என்றார் சேசெரெக். எழுந்தார். கம்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மற்ற எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே போனார்கள். கிமோசோப்பும் போனான். பெஞ்சில் ஒன்பது பஞ்சுத் துண்டுகள் கிடந்தன.

முற்றத்தில் சைப்ரஸ் மரத்தடியில் தூறல் விழாத இடமாகப் பார்த்துக் குந்தினார்கள். கோபிலோ பத்தடி தள்ளி நின்றாள். ஆண்கள் கூடிப் பேசும்போது அதுதான் அவள் நிற்க வேண்டிய தூரம்.

"கொம்பு ஊதித்தானேடா கூப்பிட்ட?" என்று கிமோசோப்பைக் கேட்டார் சேசெரெக்.

"ஆமா பெரியப்பா. ஆனா அது ஒரு பேச்சுக்கு…"

"கொம்புல ஏதுடா பேச்சு? ஒரு சத்தந்தான். உடைப்புன்ன, வந்தோம். வாய்க்கால் வேலைன்னா வாய்க்கால் முறை. பொம்பள கை பட்ட கரைக்கு என் ஆளுக ரத்தம் கூட வராது."

"இது நெஞ்சு பெரியப்பா, வாய்க்காலா?"

"அத வண்டி ஏறுறதுக்கு முன்ன சொல்லியிருக்கணும்."

"ஏன் பெரியவரே," என்றான் கிசாங் மெல்ல, "கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துட்டுப் போயிரலாமே. யாரு தைச்சாங்கன்னு நமக்கென்ன தெரியும்."

"நாளைக்கு அவன் செத்தா, மொறை தெரிஞ்ச நாமளே ஒத்துக்கிட்டதாலதான் செத்தான்னு ஆகும். பொழைச்சு வந்து கரையில நின்னா, கரை போகும். நீ வந்து அடைப்பியா?"

கிசாங் தலையைச் சொறிந்தான். சேசெரெக் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். போன பஞ்சத்தில் தன் முறைத் தண்ணீரை இரண்டு விதவைகள் வயலுக்குத் திருப்பி விட்டவர். நானூறு வயிறு அந்த ஒரு வாய்க்காலில் தொங்குகிறது. அது உடையாமல் காப்பதைத் தவிர அவருக்கு வேறு சாமி கிடையாது.

கோபிலோ மேலே வார்டுக்கு ஏறிப்போனாள். யானோ ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

"போயிருவாங்களா?"

"வண்டிக்காரனத் தேடுறாங்க."

"பெரியப்பா சொன்னா சொன்னதுதான்." சுவர்ப்பக்கம் திரும்பினான். முதுகு ஏறி இறங்கியது. "நீ வாயத் தொறக்காத கோபிலோ. நீ என்ன யோசிக்கறேன்னு எனக்குத் தெரியும். தண்ணி முறை போயிரும். நான் போனாலும் பிள்ளைகளுக்குத் தண்ணி இருக்கும்."

அவள் போர்வையை இழுத்து அவன் முதுகில் போர்த்தினாள்.

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு விடிகாலை, சாணி அள்ளப் போனவள், கணவன் இன்னும் கரையில் இருந்து இறங்கவில்லையே என்று மேலே பார்த்தாள். அத்திமரத்தடியில் என்னவோ கிடந்தது. ஏறிப்போனாள். அவன் பங்குக்கு விட்ட நாற்பது முழத்தில் பொல்லாத இடம் அந்த வளைவுதான். பாறை முகத்தில் வாய்க்கால் அப்படியே அந்தரத்தில் திரும்பும். அது கசிந்து, கீழே மண் கரைந்துகொண்டிருந்தது. யானோ மல்லாந்து கிடந்தான், உதடு நீலம். அடுத்த நாள் காலை சேசெரெக் கரை பார்க்க வருவார். அடைக்காத பங்குக்காரனுக்கு அந்தப் பருவம் தண்ணீர் இல்லை.

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். இடுப்புத் துணியைத் தூக்கிச் செருகினாள். அவன் கையால் காட்டினான், அவள் செய்தாள். சப்பைக் கல்லைச் சாய்த்து வை. அதன்மேல் முள்கிளை. அதன்மேல் வேரோடு பிடுங்கிய புல், வேர் கல்லைப் பார்க்க. அதன்மேல் அதே கரையின் களிமண். இனி மிதி.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். அவனால் சொல்ல முடியவில்லை. நெஞ்சு துருத்தி மாதிரி இரைந்தது. அவள் மிதித்தாள். முழங்கால்வரை சேறு ஏற, தொடை கடுக்க, அவன் மூச்சு அடங்கி, "போதும்," என்கிற ஒரு சொல் வாயில் வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பருவத்திலும், ஊர் கண் விழிக்குமுன், அந்த வளைவு அவளுடையதாகத்தான் இருந்தது. போன வருஷம் கரைக்கூட்டத்தில் சேசெரெக் எல்லா ஆண்களையும் திட்டிவிட்டு, "போயி யானோ வளைவப் பாருங்கடா. ஒக்காந்து ஒக்காந்து செஞ்சாலும் அவன் அடைச்சா ஒரு சொட்டு வெளிய வராது," என்றாராம். அன்றைக்கு ராத்திரிக் களியை யானோ அவளுக்கு முதலில் வைத்தான்.

இப்போது அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று பிள்ளைகள். இரண்டு துண்டு வயல், ஏழு மாமரம். தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கோடையில் விறகு. தண்ணீர் இருந்து, இந்த முதுகு இல்லாவிட்டால்? அவள் அதற்கு மேல் கணக்குப் பார்க்கவில்லை. இறங்கினாள்.

மரத்தடியில் பத்தடித் தூரத்தில் நிற்கவில்லை. நேராகப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். சேசெரெக் கணவன் வழியில் அவளுக்கு மாமனார் முறை. முகத்தைப் பார்க்காமல் அவர் கம்பைப் பார்த்துப் பேசினாள்.

"மாமா, அத்திமர வளைவு கசியுதா?"

"இப்ப என்ன அது?"

"கசியுதான்னு சொல்லுங்க."

"கசியல. யானோ கை."

"யானோ கை இல்ல. இந்தக் கை." இரண்டு கையையும் நீட்டினாள். "நாலு வருசமா நான்தான் அடைக்கிறேன். அவரு படுத்துக் கெடந்து சொல்லுவாரு. கல்லு தூக்குனது நான், புல்லு புடுங்குனது நான், சேறு மிதிச்சது நான்."

கிமோசோப் வாயைக் கையால் மூடிக்கொண்டான். ஒருவன் எழுந்து அவளை விட்டு இரண்டடி நகர்ந்தான், அவள்மேல் நெருப்புப் பிடித்திருப்பது போல.

"பொய் சொல்றா," என்றான் அவன். "புருசனக் காப்பாத்தச் சொல்றா."

சேசெரெக் அவனைப் பார்க்கவில்லை. "அடியில வச்ச கல்லு எந்தக் கல்லு?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"கறுப்புச் சப்பைக் கல்லு. ஒரு மூலை ஒடைஞ்சது. உள்பக்கமாச் சாய்ச்சு வச்சிருக்கேன்."

"களிமண்ணு?"

"கரை மண்ணுதான். அத்தி வேருக்கடியில தோண்டுனேன். அந்தக் குழி இன்னும் இருக்கு. போயிப் பாருங்க."

"எனக்குத் தெரியும் அந்தக் குழி," என்றார் அவர். "பன்னி தோண்டுனதுன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டான். கிசாங்தான்.

"நாலு வருசம் நீங்க குடிச்ச தண்ணி, உங்க சோளம் குடிச்ச தண்ணி, எங் கால் பட்டுத்தான் வந்துச்சு மாமா. கரை நிக்கலையா? உள்ள படுத்திருக்கறவருக்கும் ஒரு பொம்பள கரை கட்டப் போறா. எனக்காச்சும் ஒருத்தர் பக்கத்துல படுத்துச் சொல்லணும். அவங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு அபராதம் போடுங்க. முறைய வெட்டுங்க. ஊருல வந்து வெட்டுங்க. இன்னைக்கு ஆறு பேரு கைய நீட்டிட்டு வந்து வெட்டுங்க."

அவ்வளவு நீளமாக அவள் ஆண்கள் முன்னால் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சேசெரெக் கம்பு நுனியால் ஈர மண்ணில் ஒரு கோடு இழுத்தார். அதைக் குறுக்கே வளைத்தார். அழித்தார். வண்டிக்காரன் வந்து நின்று, யாரும் கவனிக்காததால் திரும்பிப் போனான்.

"உனக்கு உண்டானது ஊருல உண்டு," என்றார். "அதுல மாத்தமில்ல." எழுந்தார். "எந்திரிங்கடா. உடைப்பு அப்பிடியே கெடக்கு."

அவர்தான் முதலில் போய் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடக்கினார். நர்ஸ் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்ககிட்ட எடுக்க மாட்டோம். வயசு தாண்டிருச்சு," என்றாள்.

"அட்டையில தப்பா எழுதிட்டான்."

"எவ்வளவு தப்பா?"

"இருபது வருசம்."

"அப்ப உங்களுக்கு மகன் இருந்தா, அவனும் நீங்களும் ஒரே நாள்ல பொறந்தீங்களா?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். சேசெரெக் சிரிக்காமல் எழுந்து, கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எட்டாவது ஆள் பஞ்சை ஒத்திக்கொண்டு எழும்வரை அந்தக் கதவு வழியாக ஒருவரும் வெளியே போகவில்லை. முதலில் பொய் என்று சொன்னவன் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். அவனிடமும் எடுத்தார்கள், படுக்கவைத்து.

மறுநாள் ஏழு மணிக்கு யானோவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அட்டைப் படத்தை அவள் கையில் கொடுத்தான். "பத்திரம்," என்றான்.

ஆண்கள் முற்றத்தில் வாய்க்கால் வேலைக்குக் காத்திருக்கிற மாதிரியே குந்தியிருந்தார்கள். கோபிலோ படியில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்தாள். எட்டு மணி, இப்போது நெஞ்செலும்பைப் பிளந்திருப்பார்கள். ஒன்பது, பக்கக்காலில் தண்ணீரைத் திருப்பியிருப்பார்கள். அதற்கப்புறம் அந்த ஒன்றரை மணி நேரம். தன் கணவன் நெஞ்சில் துடிப்பில்லாமல் கிடக்கிற அந்த நேரத்தில் அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. அந்த அகலமான மணிக்கட்டை மட்டும் நினைத்தாள். முடியைவிட மெல்லிய நூல் என்று சொல்லியிருந்தார்கள். நீரில்லாத வாய்க்காலுக்குள் குனிந்து, ஒரு தையல், இன்னொரு தையல். ஒன்று தளர்ந்தால் கசியும். ஒன்று இறுகினால் பாதை குறுகும். அவசரப்பட்டால் ஆகாது, நேரம் போனாலும் ஆகாது. வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும்.

கிசாங் மெஷின்காரரைப் பார்த்து வருகிறேன் என்று எழுந்தான். தேனைத் திருப்பிக் கேட்கப் போகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. "பாதியாச்சும்," என்று சொல்லிவிட்டுப் போனவன், ஆளைப் பார்க்க முடியாமல் திரும்பினான். அவர் மெஷினோடு உள்ளே இருந்தார்.

இரண்டே கால் மணிக்கு டாக்டர் நசிமியு வந்தார். முகமூடி அழுத்திய தடம் மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பாகக் கிடந்தது. நேராக வந்து படியில் கோபிலோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். பாதம் வீங்கியிருந்தது. நாளெல்லாம் நின்று வேலை செய்த பாதம்.

"தண்ணி திருப்பியாச்சு," என்றார். "இருதயம் தானாவே எந்திரிச்சுருச்சு."

கோபிலோ அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை சூடாக இருந்தது. நாள் முழுக்க உறைக்குள் இருந்து விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது, வயலில் நின்றவள் கால் மாதிரி.

சேசெரெக் எழுந்து வந்தார். டாக்டரை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"கசியுதா?"

"கொஞ்சம் கசியுது. குழாய் வச்சு வெளிய எடுக்கறோம். நாளைக்குள்ள நின்னுரும்."

"புதுக் கரை மொத நாள் கசியத்தான் செய்யும்," என்றார் அவர். "கசியலன்னாத்தான் பயப்படணும்." திரும்பி, "கிசாங், இந்தம்மாளுக்குத் தேன் எங்கடா?" என்றார்.

ஊரில் கரைக்கூட்டம் கூடி, கோபிலோவுக்கு ஒரு ஆடு அபராதம் போட்டார்கள். கொடுத்தாள். அறுத்துத் தின்றார்கள். தண்ணீர் முறையை வெட்டச் சொன்ன இரண்டு பேரைப் பார்த்து சேசெரெக், "உம் பங்கு கசியுதே, அதுக்கு எந்தப் பொம்பளடா காரணம்?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது. கரைமேல் பெண்கள் கால் படக்கூடாது என்பது அப்படியே இருந்தது. கோபிலோவும் அதற்கப்புறம் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியம் இல்லை. ஆறாம் மாதம் யானோ அத்திமரம்வரை ஒரே மூச்சில் ஏறிப்போய், அங்கே நின்று கீழே பார்த்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. கத்தினதே போதுமாக இருந்தது. அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு தோள்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சித்திரை மழையில் மேலிருந்து ஒரு பாறை உருண்டு, அத்திமர வளைவைக் கொண்டுபோயிற்று. கொம்பு ஊதினார்கள். யானோ முதல் ஆளாக ஓடினான். தன் கையாலேயே கல் தூக்கினான், கரை கட்டினான், கிசாங்கை வேலை ஏவினான். இனி யாரும் அவனை உட்கார்ந்தவன் என்று சொல்ல முடியாது. மறுநாள் வளைவு கசிந்தது. பிரித்துக் கட்டினான். மறுபடி கசிந்தது. மூன்றாம் தடவையும்.

நாலாம் நாள் காலை கோபிலோ முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தபோது சேசெரெக் வேலிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மாமரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாங்கா நல்லாப் புடிச்சிருக்கு."

"ஆமா மாமா."

"யானோ கல்லு சரியாத்தான் வைக்கிறான். சாய்ப்பும் சரி. அதே புல்லு, வேரு உள்பக்கமாத்தான் வைக்கிறான். அதே மண்ணு. நானே நின்னு பாத்தேன்."

அவள் முறத்தை நிறுத்தினாள்.

"சேத்த நீ எவ்வளவு நேரம் மிதிப்ப?" என்று கேட்டார்.

கோபிலோ மேலே சரிவைப் பார்த்தாள். அத்திமரத்தடியில் யானோ புல்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி, நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தான். அவன் பாட்டு இங்கேவரை கேட்டது.

"அவரு மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் மாமா," என்றாள்.